கொங்கின் பயிர்க்கழிவு எந்த எரிபொருளாக வேண்டும்?

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கை 2030-ஆம் ஆண்டிலிருந்து 2025-26-க்கு முன்னிழுத்துக்கொண்ட ஒன்றிய அரசு, 2025-இலேயே அதை எட்டிவிட்டதாக அறிவித்தது. கலந்த எத்தனாலில் பெரும்பகுதி கரும்புச் சாறு, மொலாசஸ், அரிசி, மக்காச்சோளம் ஆகியவற்றிலிருந்து வந்ததாகும். எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தைப் பெருமளவில் வாங்கத் தொடங்கியதும் அதன் விலை ஏறியது. ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024-இல் இறக்குமதியை நாட நேர்ந்தது. தீவனச் செலவில் அதன் விளைவைக் கண்ட நாமக்கல் கோழிப்பண்ணையாளர்களுக்கு, உணவுப்பொருளை எரிபொருளாக்குவதில் உள்ள சிக்கலை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது, மணியை உணவுக்கும் தீவனத்துக்கும் விட்டுவிட்டு, பயிரின் தண்டான தட்டை, பருத்திமார், தென்னை மட்டை, கரும்புச் சோகை போன்றவற்றை எரிபொருளாக்குவது. கொள்கையளவில் இதை மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் பகுதிகளில் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, நான்கைந்து ஊர்க்காரர்கள் சேர்ந்த குழுவோ இதில் முதல் போட நினைத்தால், அவர்கள் முன் வைக்கப்படும் வழிகள் ஒன்றல்ல. தட்டையை அழுத்தி, பிரிக்கெட் என்னும் எரிகட்டியாகவோ பெல்லட் என்னும் சிறு உருளையாகவோ விற்கலாம். நொதிக்கவைத்து அழுத்தப்பட்ட உயிரிவாயுவாக்கலாம். உணவல்லாத தாவரப்பொருளிலிருந்து எத்தனால் எடுக்கும் இரண்டாம் தலைமுறை ஆலைக்கு மூலப்பொருளாகக் கொடுக்கலாம். குறைந்த காற்றில் சூடாக்கி எரிவாயுவாக மாற்றும் வாயுவாக்கியில் இட்டு மின்சாரம் எடுக்கலாம். எண்ணெய் வித்துமரங்களையோ எரிபொருள் கரும்பையோ புதிதாக நடலாம். இவை அனைத்தும் கார்பனைக் குறைக்கும் என்றே விளம்பரப்படுத்தப்படுகின்றன. எவ்வளவு குறைக்கும் என்பது, அந்தக் கழிவு இப்போது யாருக்குப் பயன்படுகிறது, எரிபொருளான பிறகு அது எந்த எரிபொருளை வெளியேற்றி அதன் இடத்தைப் பிடிக்கிறது என்னும் இரண்டு கேள்விகளைப் பொறுத்தது. தொழில்நுட்பத்தின் நவீனம் இதில் மூன்றாம் இடத்துக்குத்தான் வருகிறது.

உணவல்லாதது எல்லாம் கழிவல்ல

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். சோளத்தட்டு மனிதருக்கு உணவல்ல. ஆனால் கொங்கு நாட்டில் அது மாட்டுக்கு உணவு. வானம் பார்த்த காட்டில் சோளம் விதைக்கும் பலர் மணியைவிடத் தட்டுக்காகவே விதைக்கிறார்கள். கோடையில் ஒரு கட்டுத் தட்டு என்ன விலை விற்கிறது என்பதை அறிந்த எவரும் அதை பாய்லருக்கு அனுப்பும் திட்டத்துக்கு ஒப்பமாட்டார். நிலக்கடலைக் கொடியும் அப்படியே. ஜவ்வரிசி ஆலைகளில் மிஞ்சும் மரவள்ளித் திப்பி தீவனச் சந்தைக்குப் போகிறது. இவற்றை எரிபொருள் கணக்கில் சேர்த்துக் காட்டும் எந்தத் திட்ட அறிக்கையையும் அந்தப் பக்கத்தோடு மூடிவிடலாம், ஏனென்றால் எரித்த தட்டுக்கு ஈடாக வேறெங்கோ ஒருவர் நீர் பாய்ச்சித் தீவனம் வளர்க்க வேண்டியிருக்கும்.

தென்னையில் நிலைமை இன்னும் நுட்பமானது. தேங்காய்த் தொட்டிக்கு, அதாவது சிரட்டைக்கு, காங்கேயம் வட்டாரத்தில் என்றோ விலை ஏற்பட்டுவிட்டது. அது கரியாகி, அந்தக் கரி செயலூட்டிய கரி ஆலைகளுக்குப் போகிறது. (குழி தோண்டித் தொட்டி சுடும் முறையால் கிணற்று நீர் கெட்டு ஊர்கள் போராடியதும் இதே வட்டாரத்தில்தான், ஆகவே தாவரப்பொருள் என்பதாலேயே ஒன்று மாசற்றதாகிவிடாது.) ஒரு காலத்தில் கயிற்று ஆலைகளின் பின்புறம் குன்றாகக் குவிந்து கிடந்த நார்க்கழிவு, உப்பு கழுவி நீக்கப்பட்டுச் செடி வளர்ப்பு ஊடகமாக வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும் பொருளை உலர்த்தி எரிக்க முயல்வது, அதன் சிறந்த குணத்தோடு மல்லுக்கட்டுவதாகும்.

எஞ்சுவது மட்டை. ஏக்கருக்கு 70 மரம், மரத்துக்கு மாதம் ஏறக்குறைய ஒரு மட்டை என்று கொண்டால், ஆண்டுக்கு 840 மட்டைகள் விழும். காய்ந்த மட்டை இரண்டிலிருந்து மூன்று கிலோ என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ இரண்டு டன். இதைப் பார்த்ததும் ஆசை வருவது இயல்பே. ஆனால் ஆண்டு மழை 600, 700 மில்லிமீட்டரைத் தாண்டாத ஊரில், தென்னையின் வட்டப்பாத்தியில் மூடாக்காகக் கிடக்கும் மட்டை நீரைக் காக்கிறது. மண்ணில் கரிமச் சத்தையும் சேர்க்கிறது. எல்லாவற்றையும் வாரி எடுத்துவிட்டுக் கூடுதலாக மோட்டார் ஓட்டினால் கார்பன் கணக்கில் கைக்கு எதுவும் வராது. பாதி மட்டையைத் தோப்பிலேயே விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. வேர் வாடல் நோயால் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் வெட்டப்படும் மரங்களின் கணக்கு வேறு. அவை முழுமையாகவே எரிபொருளாகலாம், ஆனால் அது நிலையான வரத்து அல்ல.

உண்மையாகவே வேறு பயனின்றி வயல் ஓரத்தில் தீ வைக்கப்படுபவை எவை என்று பார்த்தால் பட்டியல் சுருங்குகிறது. பருத்திமார், மாடு விரும்பாத முற்றிய மக்காச்சோளத் தட்டு, மணி உதிர்த்த கட்டை, நடவுக்குத் தேவையான விதைக்கரணை போக மீந்த மரவள்ளிக் குச்சி, மூலனூர் பக்கம் முருங்கையைக் கவாத்து செய்யும்போது விழும் கிளைகள், கடலை ஓடு, மறுதாம்புக்கு மூடாக்காகாத கரும்புச் சோகை, தரிசில் பரவிய வேலிக்காத்தான் என்னும் சீமைக் கருவேலம். ஒப்பீடு இவற்றை வைத்துத்தான் நடக்க வேண்டும்.

ஒரு டன் காய்ந்த தட்டு எவ்வளவு தூரம் போகும்

இரண்டாம் கேள்விக்கு விடை தேட, ஒரு டன் காய்ந்த தட்டையை ஒவ்வொரு வழியிலும் அனுப்பிப் பார்ப்பதே நேரான முறை.

அதை பிரிக்கெட்டாக்கி எரித்தால், கிலோவுக்கு 3,800 கிலோ கலோரி என்ற நடுத்தர அளவில் 38 லட்சம் கிலோ கலோரி வெப்பம் கிடைக்கும். கிலோவுக்கு 5,000 கிலோ கலோரி தரும் இறக்குமதி நிலக்கரியில் இது 760 கிலோவுக்குச் சமம். அந்த நிலக்கரி எரியாமல் போனால் சுமார் ஒன்றரை டன் கரியமில வாயு தவிர்க்கப்படுகிறது. பிரிக்கெட் இயந்திரம் டன்னுக்கு அதிகபட்சம் 100 யூனிட் மின்சாரம் கேட்கிறது என்று வைத்தால் அதன் பங்கு 70 கிலோ. வயலில் சேகரிக்கவும் தூளாக்கவும் 100 கிலோமீட்டர் கொண்டுசெல்லவும் ஆகும் டீசலுக்கு இன்னொரு 30 கிலோ. கழித்தாலும் 1.4 டன் நிற்கிறது.

அதே டன்னை எத்தனாலாக்குவோம். ஹரியானா மாநிலம் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு அமைத்து, 2022 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட ஆலையின் அறிவிக்கப்பட்ட அளவு, ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலிலிருந்து ஏறக்குறைய 3 கோடி லிட்டர் எத்தனால். அதாவது டன்னுக்கு 150 லிட்டர். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றலே உள்ளது. ஆகவே அது 100 லிட்டர் பெட்ரோலை வெளியேற்றும். தவிர்க்கப்படும் கரியமில வாயு 230 கிலோ. தொழில்நுட்பம் தேறி விளைச்சல் இரட்டிப்பானாலும், நிலக்கரிக்கு மாற்றாக எரிப்பதில் கிடைப்பதன் மூன்றில் ஒரு பங்கையே எட்டும்.

ஏன் இவ்வளவு குறைவு என்பதற்குக் காரணம் தாவரத்தின் கட்டமைப்பில் இருக்கிறது. தட்டையின் உலர் எடையில் 35 முதல் 45 சதவீதம் செல்லுலோஸ், 20 முதல் 30 சதவீதம் ஹெமிசெல்லுலோஸ், மீதியில் பெரும்பங்கு லிக்னின். செடி நிமிர்ந்து நிற்பதற்காகவே இவை ஒன்றையொன்று இறுக்கிப் பிணைத்து நிற்கின்றன; மக்காச்சோள மணியின் மாவுச்சத்தைப்போல எளிதில் சர்க்கரையாகக் கரைந்துவிடுவதில்லை. முதலில் உயர் வெப்ப நீராவியாலும் நீர்த்த அமிலத்தாலும் அந்தப் பிணைப்பை உடைக்க வேண்டும். பிறகு விலையுயர்ந்த நொதிகளைச் சேர்த்துச் செல்லுலோஸைச் சர்க்கரையாக்க வேண்டும். ஹெமிசெல்லுலோஸிலிருந்து வரும் சைலோஸ் என்னும் சர்க்கரையை வழக்கமான ஈஸ்ட் தொடாது என்பதால் அதற்குத் தனி நுண்ணுயிர் தேவை. லிக்னின் எத்தனாலாகவே ஆகாது, ஆலையின் சொந்தப் பாய்லரில்தான் அதை எரிக்க வேண்டும். இத்தனை படிகளிலும் ஆற்றல் கழிகிறது.

உயிரிவாயு நடுவில் நிற்கிறது. பத்து டன் தட்டுக்கு ஒரு டன் அழுத்தப்பட்ட உயிரிவாயு என்பது நடைமுறையில் பேசப்படும் கணக்கு. ஒரு டன் தட்டின் 100 கிலோ வாயு, ஏறக்குறைய 125 லிட்டர் டீசலுக்கு ஈடாகி, 330 கிலோவுக்குச் சற்று மேலான கரியமில வாயுவைத் தவிர்க்கும். மிஞ்சும் கசடு எருவாக வயலுக்குத் திரும்புவது இதன் தனிச் சிறப்பு. எரிக்கும் வழியில் தழைச்சத்து முழுவதும் காற்றோடு போய்விடுகிறது, சாம்பல் மட்டுமே மிஞ்சுகிறது.

வாயுவாக்கி வழியாக மின்சாரம் எடுத்தால் டன்னுக்கு 700, 750 யூனிட் கிடைக்கும். மின்தொகுப்பின் இன்றைய கார்பன் அளவில் அரை டன் கரியமில வாயு தவிர்க்கப்படும். எண் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றில் உடுமலையிலும் பல்லடத்திலும் தாராபுரத்திலும் காற்றாலைகள் வைகாசி முதல் ஆவணி வரை ஓயாமல் சுழலும் ஒரு நாட்டில், கூரையெல்லாம் சூரியத் தகடு ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில், தார் படிந்து அடிக்கடி நிற்கும் வாயுவாக்கியை மின்சாரத்துக்காக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. காற்றாலையால் எளிதில் தர முடியாதது நீராவி. தட்டு தரக்கூடியதும் அதுதான்.

எந்த பாய்லருக்கு விற்பது

மேலே சொன்ன ஒன்றரை டன் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: வெளியேற்றப்படுவது நிலக்கரியாக இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் திருப்பூரைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டியிருக்கிறது.

நொய்யலில் சாயக்கழிவு கலந்ததைத் தொடர்ந்து 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறை கட்டாயமானது. சவ்வு வழியே வடிகட்டியது போக மிஞ்சும் உப்புநீரை ஆவியாக்க வேண்டியிருப்பதால், சாயம் போடவும் துணி உலர்த்தவும் ஆகும் நீராவியோடு கழிவுநீருக்கான நீராவியும் சேர்ந்துகொண்டது. ஆற்றைக் காக்க எடுத்த முடிவு எரிபொருள் தேவையைக் கூட்டியது என்பதை எவரும் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தேவை இருக்கிறது, காங்கேயத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எட்டும் தொலைவில் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், திருப்பூர் பாய்லர்களில் பெரும்பாலானவை விறகு எரிப்பவை. வேலிக்காத்தான், சவுக்கு, யூகலிப்டஸ், தென்னை என்று லாரி லாரியாக விறகு வந்திறங்குகிறது. பிரிக்கெட் அங்கே விறகை வெளியேற்றினால் கார்பன் கணக்கில் கிடைப்பது மிகச் சிறிது, ஏனென்றால் வெட்டிய இடத்தில் மீண்டும் துளிர்க்கும் மரத்தை எரிப்பதும் தட்டையை எரிப்பதும் அந்தக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றே. ஈரம் குறைந்த பிரிக்கெட்டால் புகை குறையும், பாய்லரின் திறன் சற்றுக் கூடும். அது ஆலைக்கு லாபம், உமிழ்வுக் குறைப்பு என்று சான்றிதழ் எழுதும் அளவுக்கு அல்ல. விறகுச் சந்தைக்காக மீண்டும் நடப்படாமல் மரங்கள் வெட்டப்படும் இடங்களில் மட்டும் கணக்கு மாறும்.

ஆகவே கார்பனைக் குறைப்பதே நோக்கமென்றால், நிலக்கரி எரிப்பவரைத் தேடிப் போக வேண்டும். திருப்பூரிலும் பெருந்துறையிலும் நிலக்கரி பாய்லர் வைத்துள்ள சில பெரிய ஆலைகள் உண்டு. அவற்றிடம் துணி வாங்கும் மேலைநாட்டு நிறுவனங்கள் நிலக்கரியை எப்போது கைவிடுவீர்கள் என்று கேட்கத் தொடங்கியிருப்பதால், இங்கே பேரம் பேச இடமிருக்கிறது. கரூர்ப் பக்கம் புலியூரிலும், கோவைக்கு மேற்கே மதுக்கரையிலும் சிமெண்ட் ஆலைகள் உள்ளன. புகளூர் காகித ஆலை ஒரு சுவையான முன்மாதிரி: கரும்புச் சக்கையைக் காகிதமாக்குவதற்காகச் சர்க்கரை ஆலைகளிடமிருந்து வாங்கிக்கொண்டு, அவை எரித்துவந்த சக்கைக்கு ஈடாக வேறு எரிபொருளைக் கொடுக்கும் ஏற்பாட்டைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. ஒரு தாவரக் கழிவுக்கு எரிபொருளைவிட மேலான பயன் இருந்தால் அதற்கு விட்டுக்கொடுக்கலாம் என்பதற்கு அது சான்று. விட்டுக்கொடுத்த இடத்தை நிலக்கரி நிரப்பினால் மொத்தக் கணக்கு என்ன ஆகும் என்பதற்கும் அதுவே சான்று.

மேட்டூர் அனல்மின் நிலையம் இன்னொரு வாய்ப்பு. நிலக்கரி அனல்மின் நிலையங்கள் 2024-25 முதல் 5 சதவீதமும், 2025-26 முதல் 7 சதவீதமும் தாவரப் பெல்லட் கலந்து எரிக்க வேண்டும் என்று ஒன்றிய மின்துறை 2023-இல் வகுத்தது. 840 மெகாவாட்டும் 600 மெகாவாட்டுமாக இயங்கும் மேட்டூருக்கு அந்த அளவில் தேவைப்படும் பெல்லட்டை, கொங்கின் எந்த ஓர் ஊரும் தனியாகத் தந்துவிட முடியாது. வாங்குபவர் பெரியவர், தேவை உறுதியானது. ஆனால் ஒப்பந்தப்புள்ளி, வைப்புத்தொகை, தாமதமாக வரும் பணம் ஆகியவற்றைத் தாங்கும் வலு சிறு குழுக்களுக்கு இராது. முதல் சில ஆண்டுகள் அருகிலுள்ள ஆலைக்கு விற்றுப் பழகிய பிறகு, பல உழவர் நிறுவனங்கள் கூட்டாக இதை அணுகுவதே சரியாக இருக்கும்.

போக்குவரத்தைப் பற்றி ஒரு சொல். கட்டப்படாத தட்டு ஒரு கன மீட்டருக்கு 60, 80 கிலோதான் எடையிருக்கும். 15 டன் ஏற்றும் லாரியில் அதை அடைத்தால் மூன்று டன்கூடத் தேறாது. அழுத்திய பின் அதே கன மீட்டரில் 600 கிலோவுக்கு மேல் அடங்கும். இதனால்தான் தூளாக்கி அழுத்தும் வேலை வயலுக்கு அருகில் நடக்க வேண்டும். எத்தனால் ஆலைக்கு இது பெருந்தடை. பானிப்பட்டு அளவிலான ஓர் ஆலைக்கு 2 லட்சம் டன் வேண்டும். ஏக்கருக்கு இரண்டரை டன் தட்டு விளைந்து, அதில் பாதியை மண்ணுக்கும் மாட்டுக்கும் விட்டால், 1.6 லட்சம் ஏக்கர் மக்காச்சோளம் சுற்றிலும் இருக்க வேண்டும். பஞ்சாப், ஹரியானாவில் நெல் வயல்கள் ஒரே பரப்பாக விரிந்து கிடப்பதைப்போல இங்கே இல்லை. மேலும், பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் நான்கு மண்டலங்களும் முறைவைத்து நீர் பெறுவதால், இந்த ஆண்டு மக்காச்சோளம் செழித்த ஊரில் அடுத்த ஆண்டு காடு காய்ந்து கிடக்கலாம். தட்டு கிடைக்கும் இடம் மண்டலத்துக்கு மண்டலம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஓரிடத்தில் நட்டுவைத்த பெரிய ஆலையை அதற்கேற்ப நகர்த்த முடியாது. மணிக்கு ஒரு டன் அழுத்தும் பிரிக்கெட் இயந்திரத்தை, அல்லது குறைந்தது அதற்குத் தூளாக்கிக் கொடுக்கும் டிராக்டர் இயந்திரத்தை நகர்த்தலாம்.

எத்தனாலுக்கு எதிராக இவ்வளவு சொன்ன பிறகு அதன் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். திட எரிபொருள் பாய்லருக்குள் போகும், வண்டிக்குள் போகாது. கார்களும் இருசக்கர வண்டிகளும் மின்சாரத்துக்கு மாறலாம்; விமானங்கள் எளிதில் மாறா. பன்னாட்டு விமானங்களின் எரிபொருளில் 2027-இல் 1 சதவீதம், 2028-இல் 2 சதவீதம், 2030-இல் 5 சதவீதம் என்று நீடித்த விமான எரிபொருளைக் கலக்க இந்தியா குறியிலக்கு வைத்துள்ளது; அதற்கு உணவல்லாத தாவரப்பொருளிலிருந்து வரும் எத்தனால் ஒரு வாயிலாகலாம். அது எண்ணெய் நிறுவனங்கள் அரசு மானியத்தோடு முயன்று தேர வேண்டிய துறை. வெள்ளகோவில் உழவர்களின் பங்குத்தொகையை வைத்து அந்தச் சோதனையைச் செய்ய வேண்டியதில்லை.

ஈரமான கழிவின் கதை வேறு

நாமக்கல், ராசிபுரம், சேலம் பக்கம் போனால் என் கணக்கு தலைகீழாகிறது. அங்குள்ள ஜவ்வரிசி ஆலைகளின் கழிவுநீரில் மாவுச்சத்து கரைந்திருக்கிறது. கோழிப்பண்ணைகளில் எரு குவிகிறது. சர்க்கரை ஆலைகளில் சாற்றைத் தெளிவிக்கும்போது அழுக்கு மண்டி என்னும் கசடு மிஞ்சுகிறது. கோழி எருவைத் தாவரப்பொருள் என்று சொல்ல முடியாதுதான், ஆனால் நொதிகலனில் அது தாவரக் கழிவோடு சேர்ந்தே வேலை செய்கிறது. இவற்றை உலர்த்தி எரிப்பது வீண். குட்டையில் தேங்கவிட்டாலோ, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 27 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடிக்கும் மீத்தேன் தானாகவே கிளம்பிக் காற்றில் கலக்கிறது. அதைக் கலனுக்குள் பிடித்து எரிக்கும்போது, டீசலையோ விறகையோ வெளியேற்றும் ஆதாயத்துக்கு மேல், கசிந்திருக்க வேண்டிய மீத்தேனைத் தடுத்த ஆதாயமும் சேர்கிறது. பல ஜவ்வரிசி ஆலைகள் ஏற்கெனவே இப்படி வாயு எடுத்துத் தம் தேவைக்கே பயன்படுத்துகின்றன. நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரத்தில் உருவாகும் உயிரிவாயு, 2018-இல் ஒன்றிய அரசு தொடங்கிய கொள்முதல் திட்டத்தின்கீழ் வண்டிகளுக்கு எரிபொருளாக விற்பனைக்கும் வந்தது.

அந்தப் பகுதியில் முதல் போடுபவருக்கு உயிரிவாயுவே முதல் தெரிவு. காங்கேயம் பக்கத்தில் காய்ந்த தட்டை மட்டும் நம்பி அதே ஆலையை வைப்பவர், லிக்னின் மிகுந்த பொருளை நுண்ணுயிர் மெதுவாகவே செரிப்பதைக் கண்டு தவிப்பார். கலனில் மிதந்து மேலே படலமாகும் தட்டையைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், ஈரத்துக்கு நீரும் தேட வேண்டும். நாளுக்கு ஐந்து டன் வாயு எடுக்க 50 டன் தட்டு என்பதையும் மறக்கலாகாது.

எரிபொருளுக்கென்றே நடுவது

காட்டாமணக்கை இங்கு நினைவூட்டாமல் இருக்க முடியாது. 2003-இல் திட்டக் குழு அமைத்த குழுவொன்று அதைத் தரிசு நிலத்தின் டீசல் மரமாகப் பரிந்துரைத்தது. 2009-ஆம் ஆண்டுக் கொள்கை 2017-க்குள் 20 சதவீதக் கலப்பு என்று இலக்கு வைத்தது. பயோடீசலில் அதன் அருகில்கூட நாம் போகவில்லை. கொங்கிலும் நட்டுப் பார்த்தவர்கள் உண்டு. நீரின்றி உயிரோடு நிற்கும் செடி, நீரின்றிக் காய்க்கவும் செய்யும் என்று நம்பியதில்தான் தவறு இருந்தது. புங்கன் அதைவிட மேலான மரம், விதையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு எண்ணெய் உண்டு. ஆனால் காய்ப்புக்கு வர ஆண்டுகள் ஆகும், விதை பொறுக்கக் கூலி கட்டாது. ஓடைக்கரையிலும் சாலையோரத்திலும் நிழலுக்காக நட்டு, காய்த்தால் விற்றுக்கொள்வதோடு நிறுத்தலாம்.

தரிசு என்று வரைபடத்தில் காட்டப்படும் நிலத்தில் பெரும்பகுதி இங்கே தரிசே அல்ல. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களுமாகக் கிடக்கும் கொரங்காடு, காங்கேயம் மாட்டினத்தையும் செம்மறிகளையும் காலங்காலமாகத் தாங்கிவருகிறது. அதை உழுது எரிபொருள் மரம் நட்டால், புல்லின் வேரில் பிடித்து வைத்திருக்கும் கார்பன் முதல் ஆண்டிலேயே வெளியேறத் தொடங்கும்.

கம்பு நேப்பியர் புல்லும் எரிபொருள் கரும்பும் வேறு வகை. 1912-இல் தொடங்கப்பட்ட கோவைக் கரும்பு இனப்பெருக்க நிறுவனம், காட்டு இனமான நாணலையும் வெள்ளைக் கரும்பையும் இணைத்து 1918-இல் கோ 205 ரகத்தைத் தந்து வட இந்தியக் கரும்புச் சாகுபடியையே மாற்றியது. அதே நாணலின் வலிமையைக் கொண்டு, சர்க்கரை குறைந்தும் நார் மிகுந்தும் உள்ள கரும்பை எரிபொருளுக்காக உருவாக்கும் ஆய்வுகள் அங்கே நடந்துள்ளன. அறிவியல் பாராட்டத்தக்கது, கேள்வி நீரைப் பற்றியது. கீழ்பவானி வாய்க்காலிலும் ஆழியாற்றுப் பாசனத்திலும் ஒரு நனைப்புக்காகக் காத்திருக்கும் இடத்தில், உணவல்லாத பயிர் உணவுப் பயிரின் நீரைக் குடித்தால், நாம் தவிர்க்க நினைத்த சிக்கல் வேறு வாசல் வழியே உள்ளே வந்துவிடுகிறது. சாயப்பட்டறையின் சுத்திகரித்த நீர் கிடைக்கும் இடத்தில், மண்ணில் உப்பு ஏறாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால், இதைப் பற்றி யோசிக்கலாம்.

வேலிக்காத்தான் யாரும் நடாமல் வளர்வது. அதை வேரோடு எடுத்து நிலத்தை மேய்ச்சலுக்கு மீட்பது ஒரு வேலை. பாய்லருக்கு ஆண்டுதோறும் வேண்டும் என்பதற்காக அதை வளரவிட்டு வெட்டுவது வேறு வேலை. முதலாவதில் கிடைக்கும் மரத்தை எரிபொருளாகக் கொள்ளலாம், அதை நம்பி ஆலையின் கொள்ளளவைத் தீர்மானிக்கலாகாது.

பிரிக்கெட்டைத் தேர்ந்த பின்

ஆக, காங்கேயம்–தாராபுரம்–வெள்ளகோவில் வட்டாரத்தில் காய்ந்த கழிவை வைத்து இன்று முடிவெடுப்பவருக்கு என் பரிந்துரை, நிலக்கரி எரிக்கும் ஆலைக்கு பிரிக்கெட் தருவது. இதில் தவறக்கூடிய இடங்கள் சில உண்டு; அவற்றை ஒப்பந்தத்துக்கு முன்பே கவனிக்க வேண்டும்.

சாம்பலை உபத்திரவம் இல்லாத பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. தென்னை மட்டையிலும் மக்காச்சோளத் தட்டிலும் பொட்டாசியமும் குளோரினும் மிகுதி. பொட்டாஷ் உரம் வைத்த தோப்பில் இன்னும் மிகுதி. இவற்றின் சாம்பல் குறைந்த வெப்பத்திலேயே உருகிப் பாய்லரின் எரிதட்டில் கட்டிபிடிக்கும், குழாய்களையும் அரிக்கும். பருத்திமார், மரவள்ளிக் குச்சி, கடலை ஓடு, முருங்கைக் கிளை போன்ற மரத்தன்மையுள்ள பொருள்களை முதன்மையாக வைத்து, மட்டையையும் தட்டையையும் அளவாகக் கலந்தால் சமாளிக்கலாம். மழை ஒருமுறை நனைத்து வடிந்த தட்டில் இந்த உப்புகள் ஓரளவு கழுவப்பட்டிருக்கும் என்பதால், அறுவடை முடிந்தவுடன் அள்ளுவதைவிடச் சில நாள் வயலில் விட்டு எடுப்பது நல்லது. மண் ஒட்டிய தட்டு அச்சுகளைத் தேய்த்துவிடும். ஆகவே வாரும் இயந்திரத்தைத் தரைக்கு மேல் சற்று உயர்த்தி ஓட்ட வேண்டும்.

விலையை டன்னுக்குப் பேசாமல், ஈரம், சாம்பல் ஆகிய இரண்டுக்கும் வரம்பு வைத்து, வெப்ப மதிப்பின் அடிப்படையில் பேச வேண்டும். டன்னுக்குப் பேசினால், நேர்மையாக உலர்த்தித் தருபவர் இழப்பார், நனைத்துத் தருபவர் பெறுவார். வாங்குபவர் உண்மையில் நிலக்கரி எரிப்பவர்தானா என்பதை அவருடைய சென்ற ஆண்டுக் கொள்முதல் கணக்கைப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். விறகு எரிப்பவருக்கும் விற்கலாம், ஆனால் அந்த விற்பனையைக் கார்பன் குறைப்பாக எழுதிக்கொள்ளக் கூடாது. உழவருக்குத் தட்டின் விலையோடு, வயலில் விட்டுவைக்க வேண்டிய பாதிக்கும் சேர்த்து ஒப்புதல் வாங்க வேண்டும். இல்லையெனில் விலை ஏறிய ஆண்டில் நிலம் துடைத்தெடுக்கப்படும்.

கடைசியாகக் கொட்டகை. மாசி முதல் ஆனி வரை வெயிலே உலர்த்தித் தந்துவிடும், அதற்குச் செலவில்லை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வயலிலிருந்து ஒன்றும் எடுக்க முடியாது, நனைந்த பிரிக்கெட் உப்பித் தூளாகிவிடும், ஆனால் ஆலையின் பாய்லர் நிற்காது. குறைந்தது மூன்று மாதச் சரக்கை ஈரம் படாமல் வைக்கும் கூரைப்பரப்பை இயந்திரத்தின் விலையோடு சேர்த்தே முதலீட்டுக் கணக்கில் எழுத வேண்டும். அந்தக் கூரைக்குப் பணம் போதாது என்றால், இயந்திரத்தின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம், கூரையைக் குறைக்கலாகாது.